கிதார் அடிச்சா அது கிறிஸ்மஸ் பாட்டு இல்லையா?



டிசம்பர் வந்தாச்சு. நம்ம போடிமெட்டுல சாயங்காலமே மூடுபனி இறங்கிடுது. கிறிஸ்மஸ் விழாவுக்கு எந்தப் பாட்டைப் பாடுறதுன்னு எங்க வகுப்புல ஒரே விவாதம். "கீர்த்தனைதான் பாடணும். டிரம்ஸும் கிதாரும் போட்ட ராக், பாப் எல்லாம் பக்திப் பாட்டே இல்லை" என்று ஒரு கட்சி. "கைதட்டிப் பாட அதுதான் சரி" என்று இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி. சும்மா பிடிக்கும்னு சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அதனால எனக்குப் பிடிச்ச பாட்டுகளின் வரலாற்றோடு சொல்கிறேன்.

1. சைலண்ட் நைட்: எல்லாரும் அமைதியான கோயில் பாட்டு என்று ஒத்துக்கொள்ளும் பாட்டு இது. ஆஸ்திரியா நாட்டில் ஓபெர்ன்டார்ஃப் என்ற ஊரில் 1818 டிசம்பர் 24 அன்று முதன்முதலாகப் பாடப்பட்டது. எழுதியவர் ஜோசப் மோர் என்ற பாதிரியார். மெட்டுப் போட்டவர் ஃபிரான்ஸ் குரூபர் என்ற பள்ளி ஆசிரியர். அன்னிக்குக் கூட வாசிச்ச கருவி என்ன தெரியுமா? கிதார்!

2. மேரிஸ் பாய் சைல்ட்: எழுதியவர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜெஸ்டர் ஹேர்ஸ்டன். அவருடைய தாத்தா, பாட்டி அடிமைகளாக இருந்தவர்கள். 1956இல் ஹாரி பெலாஃபான்டே பாடினார். 1978இல் போனி எம் குழு தாளத்தைக் கூட்டிப் பாட, உலகமே ஆடியது. அந்தக் குழுவின் பாடகர்கள் கரீபியன் தீவுகளில் பிறந்தவர்கள். அங்கே பனிமழை ஏது? கிறிஸ்மஸ் பாட்டுக்குப் பனிமழை அவசியமே இல்லை.

3. ஹேப்பி கிறிஸ்மஸ்: 1971இல் ஜான் லெனனும் யோகோ ஓனோவும் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு பாடியது. வியட்நாம் போர் நடந்த நேரம் அது. 'போர் முடியட்டும்' என்பதுதான் பாட்டின் கருத்து.

4. 1984இன் இரண்டு பாட்டுகள்: எத்தியோப்பியாவில் கடும் பஞ்சம். பாப் கெல்டாஃப், மிட்ஜ் யூர் இருவரும் பிரபல பாடகர்களைக் கூட்டி 'பேண்ட் எய்ட்' என்ற பெயரில் நிதி திரட்ட ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அதே சமயம் வந்த 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' பாட்டின் வருமானத்தை வாம் குழுவும் பஞ்ச நிவாரணத்துக்கே கொடுத்தது. ஆனா அது காதல் தோல்விப் பாட்டு. கேட்க நல்லாருக்கும், பள்ளி விழாவுக்கு வேண்டாம்!

5. அன்பென்ற மழையிலே: 1997இல் வந்த 'மின்சார கனவு' படப் பாட்டு. வைரமுத்து எழுத, ஏ.ஆர். ரகுமான் இசையில் அனுராதா ஸ்ரீராம் பாடியது. சினிமாப் பாட்டுதான், ஆனால் முழுக்க இயேசு பிறப்பைப் பற்றியது. இந்தப் படத்துக்காக ரகுமானுக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

சரி, கீர்த்தனைக் கட்சிக்காரர்களுக்கு ஒரு கேள்வி. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறோம். அவர் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியபோது எந்த வடிவத்தை எடுத்தார்? குறத்தி வந்து குறி சொல்லும் குறவஞ்சியை! தன் காலத்து மக்கள் ரசித்ததைத்தானே எடுத்துக்கொண்டார்? இன்னிக்கு நாம ரசிக்கிறது டிரம்ஸ், கிதார். அப்போ அது மட்டும் எப்படித் தப்பாகும்?

நமக்கு நல்லாத் தெரிஞ்ச 'ஜிங்கிள் பெல்ஸ்' 1857இல் ஜேம்ஸ் பியர்பான்ட் வெளியிட்டது. அதில் இயேசுவும் இல்லை, கிறிஸ்மஸ் என்ற சொல்லும் இல்லை. பனியில் குதிரை வண்டி ஓட்டுற ஜாலிதான். அதை எல்லாரும் கிறிஸ்மஸ் பாட்டுன்னு ஒத்துக்கிறோம். கருத்துள்ள பாப் பாட்டை மட்டும் ஒதுக்குறோம். இது நியாயமா?

ஆக, பாட்டை அளக்க வேண்டியது வாத்தியத்தை வைத்து அல்ல. என்ன சொல்லுது, கேக்குறவங்க கூடச் சேர்ந்து பாட முடியுதா என்பதை வைத்துத்தான். விழாவுக்கு வருவது ஏலத்தோட்ட வேலைக்குப் போற நம்ம அம்மா அப்பாக்கள். அவங்களுக்குப் புரியணும் இல்லையா?

எனவே என் யோசனை: முதலில் ஒரு சாஸ்திரியார் கீர்த்தனை. அடுத்து 'அன்பென்ற மழையிலே'. கடைசியில் 'மேரிஸ் பாய் சைல்ட்'. அதற்கு முன்னால் ஒருவர் அதன் பொருளைத் தமிழில் சொல்லட்டும். அப்புறம் எல்லாரும் கைதட்டலாம்.

உங்கள் கருத்தையும் எழுதி இந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அனைவருக்கும் கிறிஸ்மஸ் நல்வாழ்த்துகள்!

— 9ஆம் வகுப்பு மாணவி