கசியும் வாயுவும் நம் கடமையும்

எடையில் குன்றிமணி அளவு குறைத்தாலும் அது மோசடியே என்று நம் பெரியோர் கற்பித்துள்ளனர். கண்ணுக்குப் புலப்படாத காற்றிலும் அற்பமென்று எதையும் தள்ளலாகாது என்பதை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன் அவர்களின் ஆராய்ச்சியால் நாம் அறிகிறோம்.

அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பொறியியல் கற்ற இவர், சிகந்தராபாத்தில் குளிர்சாதனப் பெட்டித் தொழிலில் அமர்ந்தார். பெட்டியிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று கண்டறிவதே அவருக்கு இட்ட வேலை. பின்னர் அமெரிக்கா சென்று, 1975-ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். அந்நாளில் பெட்டிகளில் நிரப்பிய குளோரோபுளோரோகார்பன் வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் சுமார் 10,000 மூலக்கூறுகளுக்கு ஈடாகப் பூமியின் வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது என்பதே அது.

இவ்வாயு ஓசோன் படலத்தையும் கெடுப்பதால், 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டு, படிப்படியாக நீக்கப்பட்டது. ஓசோனுக்காகச் செய்த காரியத்தால் பூமி சூடேறுவதும் ஓரளவு தடைப்பட்டது. ஆனால் மாற்றாக வந்த வாயுக்களிற் பலவும் வெப்பத்தைப் பிடிப்பவையே. அவற்றையும் குறைக்க 2016-இல் கிகாலி நகரில் நாடுகள் உடன்பட்டன.

நம் கடைகளிலும் குளிர்பானத்திற்கும் இறைச்சிக்கும் பெட்டிகள் உள்ளன. பழுது பார்க்கையில் வாயுவை வெளியே திறந்துவிடாமல், கலத்தில் பிடித்தெடுக்கும் தொழிலாளியையே அழைப்போமாக. கூலி சற்றுக் கூடினாலும் பாதகமில்லை. காற்றும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமே. தராசில் நேர்மை காக்கும் நாம் இதிலும் காப்போமாக. ஆமீன்.