டிக்கெட் கேட்காத நாடு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு ஐரோப்பா என்றால் பெரும்பாலும் பயிற்சிதான். வார நாட்களில் ஆலை. சனி, ஞாயிறில் அறையிலேயே ரசம் வைத்துக்கொண்டு ஊருக்கு வீடியோ கால். நான் தங்கியிருந்த ட்ரியர் நகரம் ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் லக்ஸம்பர்க். ஜெர்மனிக்கு வாங்கிய ஷெங்கன் விசாவே இதற்கும் போதும். ஆனால் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லைகளில் மறுபடி சோதனை போடுகிறது. திரும்பும்போது ரயிலிலேயே கேட்கலாம்.

லக்ஸம்பர்க்கின் மொத்தப் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். வடக்கிலிருந்து தெற்கே 82 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போய்ச் சேரும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். 2020 பிப்ரவரி 29 முதல் அங்கே பஸ், ரயில், ட்ராம் எல்லாமே இலவசம். நாடு முழுக்க இப்படிச் செய்ததில் அதுவே முன்னோடி. உள்ளூர்க்காரரா வெளியூர்க்காரரா என்று யாரும் கேட்பதில்லை. ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு. ‘1’ என்று எழுதிய பெட்டியில் ஏறாமலிருந்தால் சரி. ட்ரியரிலிருந்து வருகிறவர்கள் ஜெர்மனிக்குள் ஓடும் தூரத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். எல்லை ஸ்டேஷன் வாஸர்பில்லிக்.

பென்னலூரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். “நம்ம ஃப்ரீ பஸ் மாதிரியா?” என்றார். ஆமாம் என்றதும் அடுத்த கேள்வி: “ஆம்பளைங்களுக்குமா?”

இலவசம் என்பது முதல் நாள் வியப்போடு சரி. அதற்குப் பிறகு எனக்கு உதவியது கால அட்டவணைதான். நாட்டின் நடுவில் எட்டல்ப்ரூக் என்று ஒரு சந்திப்பு. தலைநகரிலிருந்து ரயிலில் அரை மணி. அங்கே இறங்கினால் சுற்றுவட்ட ஊர்களுக்கு பஸ் பிடிக்கலாம். மலைமேல் கோட்டை நிற்கும் வியான்டனுக்கு ரயில் கிடையாது, இப்படித்தான் போக வேண்டும். 1871இல் விக்தர் ஹ்யூகோ நாடு கடந்து வந்து தங்கிய வீடு அந்த ஊர்ப் பாலத்தருகே இருக்கிறது. எட்டல்ப்ரூக்கிலிருந்து அதே ரயில் பாதையில் இன்னும் வடக்கே போனால் க்ளெர்வோ. புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் 1955இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்த ‘தி ஃபேமிலி ஆஃப் மேன்’ தொகுப்பின் 503 புகைப்படங்களும் அங்குள்ள கோட்டைக்குள் நிரந்தரமாக இருக்கின்றன. எல்லா நாளும் திறந்திருக்காது, திறந்திருக்கும் நாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

திட்டத்தைத் திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து போட ஆரம்பியுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதற்கு முந்தையது எப்போது என்று குறித்துக்கொண்டு, முந்தையதில் ஏறுவதாகவே முடிவு செய்யுங்கள். தனியாகப் போகும் பெண்களுக்கு இதை அழுத்தியே சொல்வேன். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், சிற்றூர் நிறுத்தத்தில் பேச்சுத்துணைக்கு டீக்கடைகூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போவதில் வெட்கமில்லை. பழைய பயணக் கட்டுரைகளில் இருக்கும் பஸ் எண்களை நம்பாதீர்கள், வெளியூர் பஸ்களின் எண்களை இடையில் மாற்றிவிட்டார்கள். ‘மொபிலிடேட்’ செயலியில் அன்றைய நேரம் கிடைக்கும்.

தலைநகர் பள்ளத்தாக்கும் மேடுமானது. ஃபஃபென்தால் பள்ளத்திலிருந்து மேல் நகரத்துக்குக் கண்ணாடி லிஃப்ட், அந்தப் பக்கம் கிர்ஷ்பெர்க் மேட்டுக்குக் கம்பிவட ரயில், மேலே ஏறினால் ட்ராம். எதற்கும் காசில்லை. 2025 மார்ச்சிலிருந்து ட்ராம் விமான நிலையம் வரை போகிறது.

கோட்டைகளைவிட எனக்குப் பிடித்தது தெற்கே இருக்கும் பெல்வால். ரயிலை விட்டு இறங்கியதும் எதிரே இரண்டு ஊதுலைகள். எஃகு செய்த இடம். கடைசி உலை 1997இல் அணைந்தது. மூன்றாவதாக இருந்ததைப் பிரித்துச் சீனாவுக்கு விற்றுவிட்டார்கள். மிச்சமிருந்த இரண்டையும் சுற்றி ஒரு பல்கலைக்கழகத்தையே கட்டியிருக்கிறார்கள். கனிமம் சேமித்த கட்டடம் இப்போது நூலகம். ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் அதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் வண்டிகள் செய்யும் கொட்டகைகள் ஐம்பது வருடம் கழித்து என்னவாகும் என்று நான் அங்கேதான் யோசித்தேன்.

வார நாள் காலையில் மட்டும் லக்ஸம்பர்க் ரயில்களில் ஏறாதீர்கள். பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலைக்கு வந்து திரும்புகிறார்கள். இலவசம் கொண்டுவந்ததற்குச் சாலை நெரிசல் ஒரு காரணம். ஆனாலும் சாலைகளில் கார் குறையவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆள் கணக்குக்குக் கார் மிக அதிகமுள்ள நாடுகளில் அது ஒன்று. ஆகவே இலவசத்தை மட்டும் மந்திரமாக நினைக்க வேண்டாம்.

நம் ஊரில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பெரிய காரியம், என் அம்மாவின் நடமாட்டமே அதனால்தான் கூடியது. ஆனால் இத்தனை ஆலைகள் இருந்தும் ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் நிலையம் கிடையாது. ஷிப்ட் முடிந்தால் அடையாள அட்டை உள்ளவர்களுக்குக் கம்பெனி பஸ், இல்லாதவர்களுக்கு ஷேர் ஆட்டோ. அடுத்த பஸ் எப்போது என்று நிறுத்தத்தில் எழுதி வைத்தாலே பாதிக் கஷ்டம் தீரும். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

அடுத்துப் பயிற்சிக்குப் போகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து கார் வாடகைக்கு எடுக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். முதல் சனிக்கிழமை பெல்வாலுக்கு ரயில் ஏறுங்கள், வியான்டனைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள்.