பூச்சி மாத்திரையும் வயதும்

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

குடற்புழு குழந்தைகளின் நோய் என்ற எண்ணத்தோடு நீங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நாக்குப்பூச்சியும் சாட்டைப்புழுவும் பள்ளி வயதில் உச்சம் தொட்டுப் பிறகு குறைகின்றன. அந்த எண்ணம் வேரூன்றியது இதனால்தான். கொக்கிப்புழு அப்படியல்ல. வயதோடு ஏறிப் பெரியவர்களிடமே மிகுதியாகத் தங்குகிறது. 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் தரும் தேசியக் குடற்புழு நீக்க நாள் மிக அவசியமானது. ஆனால், ஐம்பது வயதில் நாற்று நடும் பெண்ணுக்குக் கொக்கிப்புழுவால் வந்த ரத்தசோகைக்கு அதில் மருந்து இல்லை.

இந்த வயது வேறுபாடெல்லாம் பழக்கத்தால் வருவது, எதிர்ப்பாற்றலுக்கு இதில் வேலையில்லை என்பார்கள் சிலர். சிறுவர்கள் மண்ணில் ஆடுகிறார்கள், உழவர்கள் வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஆப்பிரிக்காவில் தண்ணீர் வழியாகத் தொற்றும் சிஸ்டோசோமா என்னும் ரத்தப்புழுவைப் பாருங்கள். தொற்று கடுமையான ஊர்களில் அதன் உச்சம் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. மிதமான ஊர்களில் தாமதமாகிறது. பழக்கம் மட்டுமே காரணமென்றால் இந்த வேறுபாட்டை விளக்குவது கடினம். காம்பியாவில் நடந்து 1991-ல் வெளியான ஆய்வு, சிகிச்சை பெற்றவர்கள் எவ்வளவு தண்ணீரில் இறங்கினார்கள் என்பதையும் கணக்கில் எடுத்தது. அப்போதும், புழுவுக்கு எதிரான ஐஜிஈ என்னும் எதிர்ப்பொருள் மிகுந்தவர்களுக்கே மறுதொற்று குறைவு. கென்யாவின் கிசுமுவில், விக்டோரியா ஏரியில் இறங்கி வண்டி கழுவும் ஆண்களில் சிலருக்கு, அந்தப் புழுவைக் கொல்லும் பிரசிகுவாண்டல் மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபின் எதிர்ப்பாற்றல் வந்தது. அவர்கள் ஏரியை விட்டு விலகவில்லை. உயிரோடுள்ள புழு மறைத்து வைத்திருக்கும் புரதங்கள் அது சாகும்போதுதான் வெளிப்படுகின்றன. புழுவோ பல ஆண்டுகள் வாழும். எனவே இயற்கையான எதிர்ப்பாற்றல் மெல்லத்தான் வரும். வந்தாலும் முழுமையாக இருக்காது. கொக்கிப்புழுவோ உடலின் எதிர்ப்பையே தணித்து வைப்பதால், வருடக்கணக்கில் தொற்றுக்கு ஆளானவருக்கும் பாதுகாப்பு அமைவதில்லை.

நான் மிகவும் அஞ்சுவது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவுக்கு. உடலுக்குள்ளேயே தன் தொற்றைப் புதுப்பித்துக்கொள்ளும் அது, இரண்டாம் உலகப் போரின்போது சயாம் ரயில்பாதையில் போர்க்கைதிகளாக உழைத்தவர்களிடம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் காணப்பட்டது. அதை அடக்கி வைத்திருப்பது எதிர்ப்பாற்றல்தான். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நீங்கள் தரும் ஸ்டீராய்டு அந்தக் கட்டை அவிழ்த்தால் புழு உடலெங்கும் பரவி உயிரையே பறிக்கும். ஒருமுறை மலத்தைச் சோதித்துப் புழு இல்லை என்று வந்தால் அதை நம்பிவிடாதீர்கள். ஒரு வேளை அல்பெண்டசோலும் இதற்குப் போதாது. மண்ணில் உழைத்த முதியவருக்கு ஸ்டீராய்டு எழுதும் முன் இந்தப் புழுவை நினையுங்கள். அதைக் கொல்லும் ஐவர்மெக்டின் தேவையா என்று முடிவு செய்த பிறகே சீட்டில் கையெழுத்திடுங்கள்.