கூட்டு வேலையும் ஆள் கணக்கும்

வாய்க்கால் தூர் எடுக்க ஆள் சேர்க்கும்போது, பத்துப் பேர் ஒரு நாளில் முடிக்கும் வேலையை இருபது பேர் அரை நாளில் முடித்துவிடுவர் என்று மதிப்பிடுவது வழக்கம். ஏட்டுக் கணக்கில் இது சரியே. வாய்க்காலில் இறங்கிய பின்போ, பாதி நாளில் பாதித் தூரமும் முடிவதில்லை. ஆட்கள் சோம்பேறிகள் என்று சொந்தக்காரர் ஏசுவதும், அதனால் மனஸ்தாபம் உண்டாவதும், முடிவில் கடைமடை வயல்கள் தண்ணீரின்றிக் காய்வதும் கிராமங்களில் காண்பனவே.

பிரான்சு தேசத்து விவசாய இஞ்சினீயராகிய மாக்ஸ் ரிங்கெல்மான் என்பவர் 1880-களில் மனித உழைப்பைப் பற்றிப் பல பரீட்சைகள் நடத்தி, அவற்றின் முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். பலர் கூடிப் பாரம் இழுத்தல் முதலிய வேலைகளில் ஆள் பெருகப் பெருக ஒவ்வொருவரும் செலுத்தும் சக்தி குறைவதை அவர் கண்டார். தனி ஆளின் சக்தியை 100 என்று கொண்டால், அவர் கண்ட அளவுகள் பின்வருமாறு:

இருவர் கூடினால், ஆளுக்கு 93
நால்வர் கூடினால், ஆளுக்கு 77
அறுவர் கூடினால், ஆளுக்கு 63
எண்மர் கூடினால், ஆளுக்கு 49

அதாவது எட்டுப் பேர் கூடிச் செய்த வேலை, தனித்தனியே நான்கு பேர் செய்யக்கூடிய வேலைக்கும் சற்றுக் குறைவாகும்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, எல்லோரும் ஒரே கணத்தில் பலத்தைச் செலுத்தாமை. பாரம் இழுப்போர் 'ஏலேலோ' என்று குரல் கொடுப்பது இக்குறையை நீக்கவே. இரண்டாவது, பலர் நடுவில் தன் உழைப்பு தனியே தெரியாதபோது மனிதன் தன்னை அறியாமலே தளர்தல். 1974-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒருவனுடைய கண்களைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்து, அவனை மட்டும் கயிறு இழுக்கச் செய்தனர். துணை ஒருவரும் இல்லாதிருந்தும் அவன் குறைவாகவே இழுத்தான். கூட்டமாகக் கூச்சலிடச் செய்து 1981-இல் வெளியிடப்பட்ட வேறொரு பரீட்சையில், ஒவ்வொருவர் முயற்சியும் தனியே அளக்கப்படுகிறது என்று அறிவித்தவுடன் இத்தளர்ச்சி நீங்கியது. ஆகவே ஆளை ஏசுவதைவிட ஏற்பாட்டைத் திருத்துவதே பயன் தரும்.

வாய்க்கால் வேலையில் கவனிக்க வேண்டியவை:

1. ஆட்களை ஒரே கும்பலாக இறக்காமல், மூவர் அல்லது நால்வர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்தல் வேண்டும்.

2. வாய்க்காலை அளந்து முளையடித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பங்கு ஒதுக்குதல் வேண்டும். வண்டல் ஆழமான இடத்தில் பங்கின் நீளத்தைக் குறைப்பதே நியாயம்.

3. வெட்ட வேண்டிய ஆழத்தைத் தொடக்கத்திலேயே யாவருக்கும் காட்டிவிடுதல் நலம்.

4. பங்கு பிரிப்பதில் ஓர் அபாயமும் உண்டு. அவரவர் தம் பங்கை மட்டும் கவனித்து, இரு பங்குகள் சேரும் இடத்தில் மண்ணை விட்டுவிடுவர். அந்த ஒரு மேடு கீழுள்ள வாய்க்கால் முழுவதையும் பயனற்றதாக்கும். எனவே சேருமிடங்களையும் அடிமட்டத்தையும் சரிபார்க்க அனுபவமுள்ள ஒருவரைத் தனியே நியமித்தல் அவசியம்.

5. கனமான மதகுப் பலகையைத் தூக்குவதுபோல் பிரிக்க இயலாத வேலையில், குரல் கொடுக்க ஒருவரே இருத்தல் வேண்டும்.

வேலை முடிந்ததற்கு அடையாளம் ஆள் பட்டியல் அன்று; கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதேயாம்.