முதலில் நாற்காலியை அளந்து பாருங்கள்

சக்கர நாற்காலியில் இருப்பவருக்காக வண்டி வாங்கும் பேச்சு வீட்டில் எழுந்தால், அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் யோசனை "பெரிசா ஒண்ணு பாருங்க, எல்லாத்துக்கும் ஆகும்" என்பதுதான். ரிஷிவந்தியம் வட்டாரத்தில் இப்படிச் சொல்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சிறுவங்கூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கே முடியாவிட்டால் முண்டியம்பாக்கம், அதற்கும் மேலே புதுச்சேரி ஜிப்மர் என்று மருத்துவத்துக்கே நெடுந்தூரம் போகவேண்டிய பகுதி இது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்பவருக்கும் டிக்கெட் கிடையாது. ஆனால் அந்தப் பேருந்தின் படியில் நாற்காலியை ஏற்ற முடியாது. சாய்தளம் உள்ள புதிய தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியது சென்னை மாநகரத்தில். ஆகவே சொந்த வண்டி என்ற எண்ணம் நியாயமானது. பெரிய வண்டி என்பதுதான் பரிசீலிக்கவேண்டிய நம்பிக்கை. வண்டியின் வெளி அளவுக்கும் அதற்குள் ஒருவர் நாற்காலியோடு நிமிர்ந்து உட்கார முடியுமா என்பதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருப்பதில்லை.

ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சாதாரண மடக்கு நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை 80 முதல் 90 செ.மீ. ஆக, தலை 130 முதல் 140 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. குறைந்த விலையில் இடம் தாராளம் என்று பலரும் கைகாட்டும் மாருதி ஈக்கோவின் வெளி உயரம் சுமார் 1.8 மீட்டர். அதில் சாலைக்கும் வண்டித் தரைக்கும் இடையிலுள்ள அரை மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தையும் கூரைத் தடிமனையும் கழித்தால், உள்ளே மிஞ்சுவது 120 செ.மீ. அளவுதான். பின்கதவின் திறப்பு அதைவிடக் குறைவு. பத்து செ.மீ. குறைந்தாலும், ஜிப்மர் போய்ச் சேரும்வரை அவர் கழுத்தை வளைத்தே இருக்கவேண்டும். "அப்படியானால் பொலிரோ மாதிரி உயரமான வண்டி வாங்கலாமே" என்பார்கள். அந்த வகை வண்டிகளில் தரையே மேலே ஏறிவிடுகிறது. வெளியே கம்பீரம் கூடும், உள்ளே தலைக்கான இடம் கூடாது. அமெரிக்கப் பொதுப் போக்குவரத்து விதிகள் 22 அடிக்கு மேற்படாத வாகனத்திலும் நாற்காலி நுழையும் வாசலுக்குக் குறைந்தது 56 அங்குலம், அதாவது 142 செ.மீ. உயரம் கேட்கின்றன. விற்பனைக் கையேட்டில் நீளமும் அகலமும் குதிரைத்திறனும் அச்சிட்டிருக்கும். வாசல் உயரம் அபூர்வமாகத்தான் இருக்கும். அதை நாமே டேப் பிடித்து அளக்கவேண்டும்.

நான்கு மீட்டருக்குள் உள்ள காரே மாற்றுத்திறனாளிக்கு ஏற்றது என்ற நம்பிக்கை வரிச் சலுகையிலிருந்து வந்தது. 40 சதவீதத்துக்குக் குறையாத கை, கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கார் வாங்குவதில் இருந்த ஜி.எஸ்.டி. சலுகை, 4,000 மி.மீ. நீளத்துக்கு மேற்படாத, 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் அல்லது 1,500 சி.சி.க்குள் டீசல் கார்களுக்கே பொருந்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த அளவுள்ள கார்களுக்கு எல்லோருக்குமே 18 சதவீத வரிதான். அந்த எல்லை சிறிய கார் எது என்று வரிக்கணக்குக்காக வகுத்தது. நாற்காலி நுழையுமா என்று யாரும் யோசித்து வகுத்ததல்ல. வரியில் மிச்சம் பிடித்து, பிறகு கூரையை உயர்த்தப் பட்டறைக்கு அதைவிட அதிகம் கொடுப்பதில் லாபம் ஏது?

இனி பெரிய வண்டியின் மறுபக்கம். டிராவலர் போன்ற உயர்கூரை வேனில் தலை இடிக்காது, உண்மை. ஆனால் அந்த வண்டியின் அளவு அதன் பின்கதவோடு முடிந்துவிடுவதில்லை. தரை 65 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டடங்களுக்குச் சொல்லப்படும் 1-க்கு 12 என்ற சரிவுப்படி சாய்தளம் போட்டால் அதற்கு 7.8 மீட்டர் நீளம் தேவை. வாகனங்களுக்கு அதிகபட்சமாக ஏற்கப்படும் 1-க்கு 4 சரிவிலும் 2.6 மீட்டர் வேண்டும். அந்தச் சரிவில் பின்னாலிருந்து தள்ளப் பலமுள்ள ஆள் கட்டாயம். ஐந்து மீட்டரைத் தாண்டும் வண்டி, அதன் பின்னே சாய்தளம், அதற்கும் பின்னே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் என்று கூட்டினால் ஒன்பது மீட்டருக்கு மேல் போகிறது. திண்ணையும் மின்கம்பமும் நிறுத்திவைத்த டிராக்டரும் உள்ள தெருவில் அந்த இடம் கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். பக்கவாட்டுக் கதவில் சாய்தளம் வைத்தால் வண்டியின் அகலம், சாய்தளம், திரும்பும் இடம் எல்லாம் சேர்ந்து தெருவே ஐந்தரை ஆறு மீட்டர் அகலம் இருக்கவேண்டும். ஆகவே நம் ஊர்த் தெருக்களுக்குப் பின்வாசலே பொருத்தம். இதற்கு ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு: பின்வாசலில் இறங்குபவர் நேராகச் சாலைப் போக்குவரத்துக்குள் இறங்குகிறார், தியாகதுருகம் வழியாகப் போகும் உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் அது ஆபத்து. சரிதான். ஆனால் நெடுஞ்சாலையில் வளாகத்துக்குள் போய் நிறுத்த ஒரு பெட்ரோல் பங்க்கைத் தேடிக்கொள்ளலாம். சொந்த வீட்டுத் தெருவை அகலப்படுத்த முடியாது. பணம் இருந்தால் சாய்தளத்துக்குப் பதில் மின்தூக்கி பொருத்தலாம். அது தேவைப்படும் நீளத்தைக் குறைக்கும், பழுது பார்க்க ஆள் தேடும் வேலையைக் கூட்டும்.

மேலைநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, தரையை வெட்டித் தாழ்த்தினால் சிறிய வண்டியிலேயே உயரம் கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும். சாய்தளமும் குட்டையாகும். ஆனால் தாழ்த்திய தரை சாலையை நெருங்கிவிடுகிறது. நம் கிராமத்து வேகத்தடைகளிலும், கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப்பாதையிலும் அடிப்பாகம் இடிபடும். இந்த வட்டாரத்தில் தரையைத் தாழ்த்துவதைவிடக் கூரை உயர்ந்த வண்டியைத் தேர்வதே மேல் என்பது என் முடிவு. அதிலும் தேவைக்குமேல் உயரம் வேண்டாம். காரின் இருக்கையைவிட நாற்காலி உயரமானது. கொண்டை ஊசி வளைவில் அதில் இருப்பவரின் உடல்தான் அதிகம் ஆடும்.

இவ்வளவுக்கும் முன்பு கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பயணத்தின்போது அவர் நாற்காலியிலேயே இருக்கவேண்டுமா? கார் இருக்கைக்கு மாற முடிந்தவருக்கு மாறுவதே பாதுகாப்பு. காரின் இருக்கையும் பெல்ட்டும் மோதலைத் தாங்கச் சோதிக்கப்பட்டவை; இலவசமாகவோ மலிவாகவோ கிடைக்கும் மடக்கு நாற்காலி அப்படிச் சோதிக்கப்பட்டதல்ல. இப்படி மாற முடிந்தவருக்கு வேகன் ஆர் மாதிரிச் சின்ன வண்டியும், கதவுப் பக்கம் திரும்பும் சுழல் இருக்கையும் போதும். இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. எரிபொருள் செலவு குறையும் என்று சி.என்.ஜி. வண்டி எடுத்தால் பெரும்பாலும் டிக்கியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், மடக்கிய நாற்காலிக்கு இடம் இருக்காது. தூக்கி மாற்றுவதே வீட்டில் உள்ள பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை என்ற ஆட்சேபத்தையும் லேசாகத் தள்ளக்கூடாது. மாறும்போது தன் கையால் ஊன்றித் துணைசெய்ய முடியாதவருக்கும், மடங்காத மோட்டார் நாற்காலி வைத்திருப்பவருக்கும் நாற்காலியோடு ஏறும் வேனே வழி.

அப்படி நாற்காலியோடு பயணிக்கும்போது "பிரேக் போட்டால் நாற்காலி நகராது" என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு பட்டைகள் நாற்காலியைத் தரையோடு கட்ட வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கு வேறாக ஒரு பெல்ட். நாற்காலி நிற்க 76க்கு 122 செ.மீ. என்று கணக்கிட்டால், முன்னும் பின்னும் பட்டை சாய்ந்து இழுக்க இன்னும் இடம் விடவேண்டும். துணைக்கு வருபவரின் இருக்கை அதற்கப்பால்தான்.

வண்டியை மாற்றி அமைத்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சிக்கல் என்று பயந்து பின்வாங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தன்னிச்சையான மாற்றங்களைத் தடுத்தாலும், 2019 திருத்தம் மாற்றுத்திறனாளிக்கேற்ப வண்டியை மாற்றப் பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு இடம் கொடுக்கிறது. வாகன மாற்ற உபகரணத் தொகுப்புக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் என்று 2021இல் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது. மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றிவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு அந்த வண்டியை உங்கள் வீட்டு வாசலுக்கே ஓட்டிவரச் சொல்லுங்கள். போகப்போகிறவரை நாற்காலியோடு ஏற்றி, கதவை மூடி, ஒரு சுற்று போய்வாருங்கள். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.