வெயிற்காப்புக் களிம்பு: வயல்வேலை செய்வோர்க்கு அதனால் விளையும் நன்மையும் தீமையும்

தென்னங்கன்றை நட்டவுடன் முதற்கோடையில் அதற்குக் கீற்றுத்தட்டி கட்டி நிழல் செய்வது நம் வட்டாரத்தில் யாவரும் அறிந்த வழக்கம். மாதுளைக் காய்கள் கடுவெயிலில் வெந்து தோல் கருகாதிருக்கும்பொருட்டு, கயோலின் என்னும் வெண்களிமண்ணைக் கரைத்துத் தெளிப்பாரும் உளர். கன்றுக்கும் காய்க்கும் இவ்வளவு கவனம் செலுத்துகின்ற நாம், அவற்றை வளர்ப்போரின் தோலைப்பற்றி எண்ணுவது அபூர்வமாகவே இருக்கின்றது. இப்பொழுதோ ‘ஸன்ஸ்கிரீன்’ என்னும் வெயிற்காப்புக் களிம்பு சிறு ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டது. கணியூர்ப் பக்கத்துப் பெண்களில் பனியன் கம்பெனி வேலைக்குச் செல்வோர் இதனைப் பூசிக்கொள்ளுகின்றனர். கரும்பு வெட்டுவோரும் களையெடுப்போரும் இதனைப் பூசலாமா என்று செயல்விளக்கத்திற்குச் செல்லுமிடங்களில் நில உடைமையாளர் பலர் வினவுகின்றனர். இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவதற்கில்லை.

சூரிய வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கிரணங்கள் உள்ளன. அவற்றுள் ‘பி’ வகைக் கிரணம் தோலின் மேற்பரப்பைச் சுடுவது. ‘ஏ’ வகைக் கிரணம் கண்ணாடியையும் கடந்து தோலின் உட்பகுதிவரை செல்லுவது. களிம்புக் குழலின்மேல் எஸ்.பி.எப். என்று அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் ‘பி’ வகையைத் தடுக்கும் ஆற்றலையே குறிக்கும். எண் 15 ஆனால் நூற்றுக்குச் சுமார் 93 பங்கும், 30 ஆனால் 97 பங்கும், 50 ஆனால் 98 பங்கும் தடுக்கப்படும். ஆகவே 30-க்கும் 50-க்கும் விலையில் உள்ள வேற்றுமை பெரிது, பலனில் உள்ள வேற்றுமை சிறிது. ‘ஏ’ வகைக்குரிய காப்பைப் பி.ஏ. என்னும் எழுத்துக்களின் பின்னுள்ள கூட்டற்குறிகளின் எண்ணிக்கையைக்கொண்டு அறியலாம்.

நம்மவர் மேனியின் கருநிறமே ஓர் இயற்கைக் காப்பு. அமெரிக்காவில் 1979-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கறுப்பினத்தாரின் மேல்தோல் ‘பி’ வகைக் கிரணத்திற்கு எதிராக ஏறக்குறைய 13 என்னும் எண்ணுக்குச் சமமான காப்பை அளிப்பதாகவும், வெள்ளையர் தோல் 3-க்குச் சற்று மேற்பட்ட காப்பையே அளிப்பதாகவும் காணப்பட்டது. ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்னும் ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரைக்கொண்டு நடத்திய பரீட்சையில், நாள்தோறும் களிம்பு பூசினவர்களுக்கு ஒருவகைத் தோற்புற்று சுமார் 40 சதவிகிதம் குறைந்தது. அது அந்நாட்டு வெண்தோலினர்க்கு மெய்யாகவே பெரும் நன்மை. ஆனால் அதனை அப்படியே எடுத்துவந்து நம் கரிய மேனிக்குப் பொருத்துவது, களிமண் பூமிக்குரிய பாய்ச்சலைச் செம்மண் மேட்டிற்குக் கொடுப்பது போலாகும்.

அங்ஙனமாயின் இங்கே எவர்க்குத்தான் களிம்பு வேண்டும்? முதலாவதாக, வெண்புள்ளி உடையவர்களுக்கு. அப்புள்ளிகளில் நிறப்பொருள் இல்லாமையால் அவை எளிதில் வெந்துபோகும். பிறவியிலேயே நிறமின்றிப் பிறந்தோர்க்கு இவ்வபாயம் உடல் முழுவதும் உண்டு. வெண்புள்ளிக்குக் கார்போகி அரிசி சேர்ந்த மருந்துகளைப் பூசுவோர் வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் வெயிலில் நின்றால் கொப்புளம் எழும். எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கப்படும் டாக்ஸிசைக்ளின் போன்ற சில மருந்துகளும் தோலை வெயிலுக்கு இளக்கிவிடும். சேற்றில் இறங்குவோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

நமது விவசாயிகளுக்கு நேரிடும் மிகப் பெரிய தொல்லையோ வேறு. அது பார்த்தீனியம் என்னும் விஷச்செடியினால் வருவது. இச்செடி நம் தேசத்தில் பூனாவில் 1950-களின் நடுவில் முதலில் பரவலாகக் கண்டறியப்பட்டது. இன்று வாய்க்காற்கரை, வரப்பு, புறம்போக்கு எதுவும் அதற்கு விலக்கில்லை. அதிலுள்ள பார்த்தெனின் என்னும் பொருள் காற்றில் பறக்கும் துணுக்குகளோடு வந்து படியும். ஒவ்வாதவர்க்கு இமை, கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்புக் கண்டு, தோல் கருத்துத் தடிக்கும். இது முற்றினால் சிலருக்கு வெயிலே ஆகாமற்போய், செடி கண்ணிற்படாத இடத்திலும் சூரியவெளிச்சம் பட்டமாத்திரத்தில் முகமும் புறங்கையும் அரிக்கத் தொடங்கும். காலமெல்லாம் வயலில் நின்ற ஒருவன் பகலில் வெளிவரவே அஞ்சும் நிலை இது. பலர் இதனைச் சாதாரணப் படையென்று கருதிக் கடையில் கிடைக்கும் களிம்பைத் தடவிக் காலங்கடத்துகின்றனர். அவற்றுட் பல ஸ்டீராய்டு கலந்தவை, நாளடைவில் தோலை மெலியச்செய்பவை. இத்தகையோர் தோல் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். இவர்களுக்கு வெயிற்காப்புக் களிம்பு அழகுப்பொருளன்று. சிகிச்சையின் ஓர் அங்கமேயாகும்.

மற்றையோர் பூசலாமெனின், ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். அச்சிட்ட எண்ணுக்குரிய காப்பு கிட்டவேண்டுமானால் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசுதல் வேண்டும். முகம், கழுத்து, இரு முன்கைகள் ஆகியவற்றிற்கு ஒருமுறைக்கு ஏறத்தாழ 6 கிராம் ஆகும். வியர்வையில் கரைந்துபோவதால் இரண்டுமணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூசவேண்டும். காலை எட்டுமணி முதல் பிற்பகல் இரண்டுமணி வரை மூன்றுமுறை பூசினால் 18 கிராம். 50 கிராம் குழல் மூன்று நாளைக்கும் நிறைவாகக் காணாது! பத்து ஆள் வேலைசெய்யும் தோட்டத்தில் இச்செலவை எவர் ஏற்பர்? பட்டாணியளவு எடுத்து முகத்தில் மட்டும் தேய்த்துக்கொள்ளுவதனால் மனத்திருப்தி உண்டாகுமேயன்றிக் காப்பு உண்டாகாது.

துணி இதனினும் மலிவு, இதனினும் நம்பத்தக்கது. திருப்பூர்ச் சீமையில் இருக்கின்ற நமக்குத் துணிக்கா பஞ்சம்? ஆயினும் எல்லாத் துணியும் ஒன்றல்ல. மெல்லிய வெள்ளைப் பனியன் துணி கிரணங்களைத் தடுப்பது சொற்பம். அது வியர்வையில் நனைந்தாலும் உடலில் இறுகி இழுபட்டு அதன் கண்கள் விரிந்தாலும் இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த, தளர்ந்த, முழுக்கைச் சட்டையே உகந்தது. துணியை வெளிச்சத்திற்கெதிரே பிடித்து நோக்குக. ஒளி எவ்வளவு புகுகின்றதோ அவ்வளவுக்குக் காப்புக் குறைவு. தலைத்துண்டு நெற்றியை மறைக்குமேயன்றி மூக்கையும் பிடரியையும் மறைக்காது. அதற்கு அகன்ற விளிம்புள்ள ஓலைத்தொப்பி வேண்டும். தன் நிழல் தன் உயரத்தினும் குறுகியிருக்கும் வேளையெல்லாம் புற ஊதாக் கிரணம் கடுமையாயுள்ள வேளை என்று கொள்ளலாம்; கடிகாரம் வேண்டியதில்லை.

இனிக் களிம்பினால் நேரும் தீங்குகள். அமெரிக்க ஸர்க்காரின் மருந்துக் கண்காணிப்பு இலாகாவினர் 2019-லும் 2020-லும் வெளியிட்ட பரீட்சைகளில், அவொபென்ஸோன், ஆக்ஸிபென்ஸோன் முதலிய ரசாயனங்கள் தோல்வழியே இரத்தத்தில் கலக்கின்றன என்று தெரிந்தது. கலப்பதனாலேயே நோய் வரும் என்று அவர்கள் கூறவில்லை. மேலும் ஆராயவேண்டும் என்றனர். துத்தநாக ஆக்ஸைடு, டைட்டேனியம் டையாக்ஸைடு ஆகிய இரண்டை மட்டுமே பாதுகாப்பும் பலனும் உள்ளவையாக ஏற்கலாமென்று அவ்விலாகா 2019-ல் முன்மொழிந்தது. ஆதலின் வாங்குவோர் இவை சேர்ந்த களிம்பை வாங்குவது நன்று. முகம் சற்று வெளுத்துத் தோன்றும், அவ்வளவே.

விவசாயிகள் தனியே கவனிக்கவேண்டிய ஓர் அபாயமும் உண்டு. கரும்பிலும் நெல்லிலும் களைக்கு அடிக்கும் 2,4-டி என்னும் மருந்து, சிலவகை வெயிற்காப்புக் களிம்பு பூசிய எலித்தோலின் வழியே கூடுதலாக ஊடுருவியதென்று 2002-லும் 2004-லும் வெளியான சோதனைச்சாலை ஆராய்ச்சிகள் காட்டின. மனிதரிடத்தும் அவ்வாறே நிகழும் என்று இதனாலேயே முடிவுகட்டிவிட இயலாதாயினும், மருந்தடிக்கும் நாளில் களிம்பை நம்பாது கையுறையும் முழுச்சட்டையும் அணிவதே விவேகம்.

வெயிற்காப்புக் களிம்பென்று எண்ணிச் சிவப்பழகுக் களிம்பை வாங்குவோர் மிகப் பலர். இவையிரண்டும் வேறு. கேரளத்தில் கோட்டக்கல் வைத்தியர்கள் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்ததில், குறிப்பிட்ட ஓர் அடையாளம் காணப்பட்ட 15 பேரில் 13 பேர் இத்தகைய களிம்புகளைப் பூசிவந்தவர்கள். காரணம் பாதரசம். தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவை இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டிற்குள் கொண்டுவரலாகாது.

வைட்டமின் ‘டி’ குறைந்துவிடுமே என்று அஞ்சுவோர்க்கு: நாள்தோறும் தோட்டத்தில் இருப்பவர்க்கு அவ்வச்சம் சிறிது, பகல் முழுதும் கட்டடத்துள் தையல் எந்திரத்தின்முன் அமர்ந்திருப்பவர்க்கே அது பொருந்தும்.

களிம்பு கிரணத்தைத் தடுக்குமேயன்றி உஷ்ணத்தைத் தடுக்காது. களிம்பு பூசியிருக்கின்றோம் என்னும் தைரியத்தில் உச்சிவேளையில் வேலை வாங்குதல் உயிருக்கே அபாயம். தமிழ்நாட்டு ஸர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கின்றது. சித்திரை, வைகாசியில் வேலையை விடியலில் தொடங்கி உச்சிக்கு முன் நிறுத்துவதும், வரப்பருகே நிழலும் குடிநீரும் அமைப்பதும் நிலச்சொந்தக்காரரின் பொறுப்பு. கருவுற்ற பெண்களை வெயில்வேலைக்கு அமர்த்தவே கூடாது.

கிராம அதிகாரிகள் செய்யவேண்டியது பார்த்தீனியத்தை ஒழிப்பது. மழை பெய்து நிலம் ஈரமாயிருக்கும்போது, பூ எடுக்குமுன்னரே, வேரோடு பிடுங்கவேண்டும். பூத்தபின் பிடுங்கினால் விதை சிதறும். பிடுங்குவோர் கையுறையும் முகத்துணியும் அணிதல் அவசியம். முன்னரே அரிப்புக் கண்டவர்களை இவ்வேலைக்கு அழைக்கலாகாது. பயிரில்லாத புறம்போக்கில் லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்புக் கரைத்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயிலுள்ள நாளில் இலை நனையத் தெளித்தால் செடி வாடும். பயிர்நிலத்தில் இதனைச் செய்யவேண்டாம், மண் உவராகும். மெக்ஸிகோவிலிருந்து தருவித்து 1984-ல் பெங்களூரில் விடப்பட்ட சிறு வண்டுகள் இப்பொழுது பல இடங்களிலும் இச்செடியின் இலையைத் தின்கின்றன. அவற்றை எங்கேனும் கண்டால் அவ்விடத்தில் மருந்தடியாது விட்டுவிடுக.