திட்டமும் திருத்தமும்

ஆண்டுதோறும் நமது சங்கங்களின் பொதுச் சபை கூடி, வருகிற ஆண்டுக்கான வேலைத் திட்டத்தை அங்கீகரிக்கிறது. எத்தனை தறிகளில் எந்த ரகம் நெய்வது, எவ்வளவு நூல் வாங்குவது, எவ்வளவு கடன் பெறுவது என்பனவெல்லாம் அதில் அடங்கும். இத்திட்டத்தை எழுத்துப் பிசகாமல் நடத்துவதா, காலத்துக்கேற்பத் திருத்திக்கொள்வதா என்ற கேள்வி ஒவ்வொரு நிர்வாகக் குழுவுக்கும் ஒருநாள் வந்தே தீரும்.

எனது அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றேன். தீர்மானித்தபடியே அகலக்கரைச் சேலைகள் ஒன்றுகூடக் குறையாமல் நெய்யப்பட்டிருந்தன. "வேலைத் திட்டம் பூர்த்தியாயிற்று" என்று திருப்தியுடன் குறிப்பெழுதினேன். அவற்றுள் பெரும்பகுதி கிடங்கிலேயே அடுக்கிக் கிடந்தது. சிறுகரைச் சேலைகளே விலைபோகின்றன என்று விற்பனை நிலையத்தார் மும்முறை எழுதிய கடிதங்களும் கோப்பில் இருந்தன. இவ்விரண்டையும் கண்டும் நான் பொருட்படுத்தவில்லை. தீபாவளி கழிந்ததும் நூல் வாங்கச் சங்கத்தில் பணமில்லை. இரண்டு மாதம் தறிகள் நின்றன. மறுமுறை சென்றபோது முதிய நெசவாளர் ஒருவர், "ஐயா, எழுதியபடி நெய்துவிட்டோம்; எழுதியபடி வாங்குகிறவர்கள்தாம் வரவில்லை" என்றார். குற்றம் குழுவினுடையது மட்டுமன்று, என்னுடையதுமாகும்.

இதற்கு மாறாக நடந்துகொண்ட ஒரு சங்கத்தின் வரலாற்றை நோக்குவோம். குஜராத்தின் கேடா மாவட்ட விவசாயிகள் 1946-இல், பால் கொள்முதலில் ஏகபோகம் பெற்றிருந்த தனியார் நிறுவனத்தை எதிர்த்து, 15 நாள் பால் விற்க மறுத்தனர். திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் அவ்வாண்டு டிசம்பரில் அவர்களது கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. முதல் திட்டம் எளியது: உறுப்பினரின் பாலைச் சேர்த்துப் பதப்படுத்திப் பம்பாய்க்கு அனுப்புவது. ஆனால் எருமைகள் வேனிற்காலத்தைவிடக் குளிர்காலத்தில் மிகுதியாகக் கறக்கும். அம்மிகுதி முழுவதையும் பம்பாய் ஏற்கவில்லை. எஞ்சிய பாலைச் சங்கம் மறுத்தால், உறுப்பினர் மீண்டும் தரகரிடமே செல்ல நேரிடும்.

சங்கம் நோக்கத்தை விடவில்லை, வழியை மாற்றியது. மிகுதிப் பாலை வெண்ணெயாகவும் பால்மாவாகவும் ஆக்க முனைந்தது. எருமைப் பாலை மாவாக்க இயலாதென்று அயல்நாட்டு நிபுணர் கருதிய காலம் அது. 1949-இல் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியனும், அவருடைய நண்பரான பால்தொழில் வல்லுநர் எச். எம். தலாயாவும் அது இயலுமென்று நிரூபித்தனர். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் உதவிற்று. 1955 அக்டோபர் 31 அன்று பிரதமர் நேரு அத்தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். முதல் ஏட்டில் இல்லாத வழி நெருக்கடியிலிருந்து பிறந்தது. பிறந்தபின் அதுவே கவனமாக வகுத்த திட்டமாயிற்று.

நிர்வாகவியல் அறிஞர்களான ஹென்றி மின்ட்ஸ்பர்க்கும் ஜேம்ஸ் வாட்டர்ஸும் 1985-இல் எழுதிய கட்டுரையில், முன்கூட்டி வகுத்த வழி, நடைமுறையில் உருவாகும் வழி என இரண்டாகப் பிரித்துக் காட்டினர். உண்மையான நிறுவனங்கள் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில் இயங்குகின்றன என்பதே அவர்கள் முடிவு.

ஆயினும் திருத்தம் என்பது மனம்போனபடி நடப்பதன்று. தறியில் ஏற்றிய பாவை நடுவில் அறுத்தெறிய முடியாது. நட்ட பயிரைப் பிடுங்கி வேறொன்று நடவும் முடியாது. அடுத்த பாவு ஓடுமுன், அடுத்த விதை வாங்குமுன் யோசிக்கலாம். எனவே பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்:

1. மாறக்கூடாதவை எவை என்பதைப் பொதுச் சபையே தெளிவாகத் தீர்மானிக்க வேண்டும். உறுப்பினருக்கு இடைவிடாத வேலை, நியாயமான கூலி அல்லது விலை, கடன் நாணயம் ஆகியவை இவ்வகையின.

2. ரகம், நிறம், அளவு, விற்கும் இடம் ஆகியவற்றை மாற்றும் அதிகாரத்தை, ஒரு வரம்புக்குட்பட்டு, நிர்வாகக் குழுவுக்கு அளிக்க வேண்டும்.

3. விற்பனை நிலையக் கடிதங்களையும் இருப்புக் கணக்கையும் மாதந்தோறும் குழுவின் முன் படிக்க வேண்டும்.

4. மாற்றம் செய்தால் அதற்கான காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். காரணம் எழுதாத மாற்றம் பிற்காலத்தில் சந்தேகத்துக்கு இடமாகும்.

இப்பொழுது நான் ஆய்வுக்குச் செல்லும்போது, திட்டம் நிறைவேறியதா என்று மட்டும் கேட்பதில்லை. நெய்தது விற்றதா, விற்ற பணம் கூலியாயிற்றா என்றும் கேட்கிறேன். அன்பர்களும் தத்தம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதே கேள்வியைக் கேட்பார்களாக.